கழுவாமல் தின்ற இலை

சந்தையில் அவளைப் புழுக்கார அக்கா என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது வங்கிக்காரர்களுக்கு மட்டும் பயன்படும். பட்டப்பெயர் வந்த கதை சின்னது. ஏழு வருஷத்துக்கு முன்னால், ‘மருந்தடிக்காத காய்கறி’ என்று கையால் எழுதிய பலகையை மாட்டிக்கொண்டு அவள் முதல்முதலாகக் கடை போட்ட ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் முட்டைக்கோஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் புழு இருக்கிறதே என்று முகம் சுளித்தார். இவள் அசரவில்லை. “ஆமாம்மா, உயிரோட இருக்கு பாருங்க” என்றாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டார், ரெண்டு கோஸ் வாங்கிக்கொண்டும் போனார்.

அன்று தொடங்கியதுதான் அவளுடைய வழக்கம். கடை விரித்ததும் கூடையிலிருந்து ஒன்றை எடுப்பாள். பெரும்பாலும் கோஸின் வெளி இலை, சில நாள் ஒரு பீன்ஸ், ஒரு தக்காளி. தண்ணீர் காட்ட மாட்டாள், துணியால் துடைக்கக்கூட மாட்டாள். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்தபடியே கடித்து, மென்று, விழுங்குவாள். மற்றக் கடைக்காரர்கள் இயற்கை விளைச்சல் என்று முத்திரை குத்திய காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். காகிதத்தை யார் தின்று பார்ப்பது என்று அவள் கேலி செய்வாள். ஞாயிறுதோறும் சந்தை கூடும் அந்த வாகன நிறுத்துமிடத்தில் நாற்பது கடை போட்டிருந்தாலும், பிள்ளை பெற்றவளும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரும் நேரே அவள் மேசைக்குத்தான் வருவார்கள். அவள் தின்றதைத் தாங்களும் தின்னலாம் என்று ஒரு தைரியம்.

அவள் புருஷன் பக்கத்தில் நின்று எடை போடுவான். ஊர் வம்புக்குப் போகாத ஆள். பத்துப் பேர் பேசுகிற இடத்தில் ஒரு வார்த்தை பேசினால் அதிகம். அவள் இலையைக் கடிக்கும்போது ஜனங்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்ப்பார்கள், இவன் மட்டும் தராசைப் பார்த்துக்கொண்டிருப்பான். இதைப் பற்றி அவள் யோசிக்க வேண்டி வந்தது வெகு நாள் கழித்துத்தான்.

இப்படி மருந்தடிக்காதவள் என்று பேர் வாங்கியவள், முன்னே ஒன்பது வருஷம் மருந்துக் கடையில் வேலை பார்த்தவள் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். மனுஷனுக்கான மருந்து இல்லை, பயிருக்கானது. விவசாயிகள் பூச்சிக்கொல்லியை மருந்து என்றுதான் சொல்கிறார்கள், என்ன செய்ய. கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம், பின்னால் நாலு. பெரிய டப்பாவிலிருந்து சின்னப் பாட்டிலுக்கு ஊற்றிக் கொடுப்பது, எந்தப் பூச்சிக்கு எது என்று சொல்வது, அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று வாய் வலிக்கச் சொல்வது. கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு மறுநாளே பறித்துச் சந்தைக்கு அனுப்புவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருத்தன் மட்டும் பாட்டிலைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தை நின்று படித்தான். சந்தேகம் கேட்டான். அடுத்த வாரமும் வந்தான், வாங்க ஒன்றும் இல்லாமலே. அந்தப் படிப்பில் மயங்கித்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். ஆணும் பெண்ணும் எதெதிலோ மயங்குகிறார்கள், இது ஒன்றும் மட்டமான காரணம் இல்லை.

கல்யாணமாகி நாலாம் வருஷம் ஒரு காலையில் அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரமே கருகிப்போயிற்று. அவள் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். புகையைப் பார்த்துத்தான் எழுந்தாள், மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. டாக்டர் எங்கே வேலை என்று கேட்டார். சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதற்குத் தன்னிடம் வழியில்லை, இனிமேலாவது அந்தப் பக்கம் போகாதே என்றார். அன்றோடு கடைக்கு முழுக்குப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து புருஷனை உட்கார வைத்துச் சொன்னாள். அவனுக்கு அப்பா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் இருந்தது. இனி அந்த மண்ணில் ஒரு சொட்டு விழக்கூடாது, மூக்கு போனது என்னோடு போகட்டும், நாம் விளைத்ததைத் தின்று இன்னொருத்திக்குப் போகவேண்டாம் என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு சொட்டு விழாது” என்றான். ஒரே வார்த்தை பேசுகிறவன் மூன்று வார்த்தை சொன்னால் அது கல்வெட்டு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மருந்து தெளிக்கும் கைப்பம்பை மட்டும் எறியவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, அவளுடைய கரைசலுக்கு வைத்துக்கொண்டார்கள். கரைசல் என்றால் பூண்டும் மிளகாயும் இஞ்சியும் இடித்து, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டியது. பூச்சியைக் கொல்லாது, காரம் பொறுக்காமல் அது எழுந்து போய்விடும் என்று கணக்கு. வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து மூன்று மணி நேரம் இடிப்பாள். இரண்டு நாளைக்குக் கை எரியும், கண்ணைக் கசக்க முடியாது. மறுநாள் காலை அவன் அந்த வாளியைத் தோட்டத்துக் கோடியில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குத் தூக்கிப்போய், பம்பில் நிரப்பித் தெளிப்பான்.

கரைசலின் மகிமை என்னவென்றால், பூச்சிகள் அதை ரசித்துச் சாப்பிட்டன. முதல் ஐந்து வருஷம் கோஸ் எல்லாம் சல்லடை. ஆனாலும் அவளுக்கென்று வாடிக்கை இருந்தது, ஓட்டை இருந்தால்தான் நிஜம் என்று சொல்லி வாங்கிப்போனார்கள். சொன்னார்கள் என்றுதான் சொல்லவேண்டும். ஐந்தாம் வருஷம் புழு அதிகமாகி, இலை நரம்பு மட்டும் மிஞ்சிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வாடிக்கைக்காரர்களே ஒவ்வொரு கோஸாகப் புரட்டிப் பார்த்து வைத்துவிட்டு, நாலு மேசை தள்ளிப் போனார்கள். கண்ணாடி அம்மாள்கூட. பதினொரு கூடை போயிற்று, பதினொரு கூடை திரும்பி வந்தது. வேனில் ஏறி உட்கார்ந்ததும் அவள் அழுதாள். தேம்பித் தேம்பி வீடு வரைக்கும் அழுதாள். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தான்.

அடுத்த போகத்திலிருந்து எல்லாம் மாறிப்போயிற்று. கோஸ் தட்டினால் கணீரென்று, பேருக்கு ஒன்றிரண்டு ஓட்டை மட்டும். மண் தேறிவிட்டது என்றாள் அவள். ஐந்து வருஷம் பாடுபட்டால் மண் நம்மை மதிக்கத் தொடங்கும் என்று எங்கேயோ படித்திருந்தாள். சந்தேகம் வந்தபோது அவளிடமே பதில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சமையலுக்கென்று ஒரு சின்னப் பாத்தி உண்டு. கோழிகள் மேய்கிற இடம், காரம் வேண்டாம் என்று அவன் அங்கே பம்பைக் கொண்டுபோவதில்லை. அந்தப் பாத்தியில் மட்டும் கோஸ் பழையபடி சல்லடை. கரைசல் படாத இடத்தில் ஓட்டை, பட்ட இடத்தில் இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் கரைசலின் பக்குவத்தை எழுதிக் கொடுத்தாள். பக்கத்து மேசை முள்ளங்கிக்காரர் அதை அப்படியே செய்து பார்த்து, ஒரு போகத்துக் கீரையைப் பூச்சிக்குப் பரிமாறினார். ஒரு சாமானை மறைத்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்று அவளிடம் பாதி விளையாட்டாகவும் பாதி வெறுப்பாகவும் சொன்னார். அவள் சத்தியம் செய்யாத குறை. இடிக்கிற கை பக்குவம் அண்ணே என்று பெருமையடித்துக்கொண்டாள். இன்றைக்கும் அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. வீட்டுச் சமையலுக்கு மட்டும் அவன் பின்பாத்தியிலிருந்துதான் பறித்து வருவான். நல்லதாகப் பார்த்து விற்றுக்கொள்வோம், நமக்கு ஓட்டை போதும் என்பான். அவனுடைய சிக்கனத்தை அவள் மெச்சிக்கொண்டாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை டீச்சர் வந்தாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சி வளர்க்கிறார்கள், அட்டைப்பெட்டியில் கோஸ் புழு விட்டிருக்கிறது, அதற்கு இலை வேண்டும் என்று முந்தின நாள் சந்தையில் கேட்டிருந்தாள். கடை கோஸ் போட்டால் புழு செத்துப்போகும் என்று தெரிந்துதான் புழுக்கார அக்காவிடம் வந்தாள். இவள் சந்தோஷத்தில் காசு வாங்காமல் ஒரு முழுக் கோஸைக் கொடுத்து, வழக்கம்போல் ஓர் இலையைப் பிய்த்துத் தானும் தின்று காட்டினாள். இப்போது டீச்சர் வாசலில் நின்று கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. எல்லாப் புழுவும் செத்துப்போச்சு. இருபத்திரண்டும்.”

பெட்டிக்குக் காற்று போயிருக்காது, வெயிலில் வைத்திருப்பீர்கள் என்றாள் இவள். டீச்சர் இருக்கலாம் என்றாள். பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்று அழுதார்கள் என்று சொல்லிவிட்டு, யார் மேலும் குறை சொல்லாமல் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் இவள் பதிலுக்கு நாலு கொடுத்து மறந்திருப்பாள். அந்த மரியாதையைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

அவளுக்கு முதலில் சந்தேகம் பக்கத்துத் தோட்டத்துக்காரன் மேல் போனது. அவன் பம்பு போட்டு மருந்தடிக்கிறவன், காற்றில் இந்தப் பக்கம் பறந்து வந்திருக்கலாம். அப்புறம் வாய்க்கால் தண்ணீர் மேல், நாற்று வாங்கிய இடத்தின் மேல். ஊரில் இருக்கிற எல்லார் மேலும் சந்தேகப்பட்டாள். பக்கத்தில் படுக்கிறவன் மேல் மட்டும் படவில்லை.

அன்று மாலை மூன்று ஜாம் பாட்டிலைக் கழுவித் துடைத்துச் சமையலறை மேசையில் வரிசையாக வைத்தாள். முதல் பாட்டிலில் பின்பாத்தியின் இலை. இரண்டாவதிலும் பின்பாத்தி இலைதான், ஆனால் வாளியில் மிச்சமிருந்த அவளுடைய கரைசலில் முக்கி உலர்த்தியது. மூன்றாவதில் தோட்டத்து இலை, சந்தைக்குப் பறித்த அதே வரிசை. பின்பாத்தியிலிருந்து ஒன்பது புழுவைப் பொறுக்கிவந்து பாட்டிலுக்கு மூன்றாக விட்டாள். வாயைத் துணியால் கட்டினாள். மூக்கு இருந்தால் இந்தப் பாடு வேண்டியதில்லை, இலையை முகர்ந்தே சொல்லியிருப்பாள். மருந்துக் கடையில் எந்தப் பாட்டில் எந்த நாற்றம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவள்தான் ஒரு காலத்தில்.

அவன் வேலை முடிந்து வந்து மேசையைப் பார்த்தான். என்ன இது என்றான். டீச்சர் வந்துபோனதைச் சொன்னாள், பக்கத்துத் தோட்டத்துக்காரனைப் பிடிக்கப்போகிறேன் என்றாள். அவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அந்த நேரத்தில் அவன் வாயைத் திறந்திருக்கலாம். சாப்பாட்டு மேசையில் புழுவை வைக்கலாமா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனான்.

காலையில் அவள் எழுந்து வந்தபோது அவன் ஏற்கெனவே எழுந்து, தேநீர் போட்டுக்கொண்டிருந்தான். அவள் பாட்டில்களைப் பார்த்தாள். முதலாவதில் மூன்று புழுவும் கொழுகொழுவென்று இருந்தன, இலை பாதி காலி. இரண்டாவதிலும் அதே கதை. அவளுடைய பூண்டையும் மிளகாயையும் புழுக்கள் இலையோடு சேர்த்து விழுங்கியிருந்தன. கை எரிய எரிய ஏழு வருஷம் இடித்தது வெறும் தண்ணீர் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு ஜாம் பாட்டில் போதுமாயிருந்தது.

மூன்றாவதிலும் மூன்று புழு. மூன்றும் உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தன.

அவள் அப்பாடா என்று மூச்சு விடப்போனாள். விடவில்லை. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மற்ற இரண்டு பாட்டிலின் அடியிலும் கடுகு கொட்டினாற்போல் பச்சை எச்சம் கிடந்தது. புழு என்றால் தின்னும், தின்றால் போடும், அதற்கு வேறு வேலை கிடையாது. இந்தப் பாட்டிலின் அடி பளிச்சென்று இருந்தது. இலையின் ஓரத்தில் காய்ந்துபோன ஒன்றிரண்டு கடி மட்டும்.

ராத்திரி பூராவும் பட்டினி கிடந்த புழு இவ்வளவு தெம்பாக ஊராது. இவை இப்போதுதான் உள்ளே வந்தவை. வீட்டில் இருந்தது இரண்டே பேர், அதில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரன் விடியுமுன் வந்து தன் வீட்டுப் புழுவை மாற்றிவைக்க மாட்டான். அவ்வளவுதான், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் வரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“உக்காருங்க” என்றாள். “இதைக் கொஞ்ச நேரம் சேர்ந்து பாக்கலாம்.”

தோட்டத்தில் வேலை இருக்கிறது என்றான். அவள் திரும்பவும் உட்காருங்க என்றாள். அவன் எதிரே உட்கார்ந்தான். நடுவில் பாட்டில். இரண்டு தேநீரும் ஆடை படிந்து ஆறிப்போயின. புழுக்களில் ஒன்று இலைமேல் ஏறித் தின்னத் தொடங்கியது. ஒரு கடி, இரண்டு கடி, ஓர் ஓரம் பிறை மாதிரி குறைந்தது. அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவன் பார்த்தான். முக்கால் மணி நேரம் இருக்கும், தின்றுகொண்டிருந்த புழு நின்றது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது, பச்சையாக ஒரு துளி கக்கியது. பிடி நழுவிப் பாட்டிலின் அடியில் விழுந்து வளைந்து வளைந்து துடித்தது. அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈ ஆடவில்லை.

“எவ்வளவு நாளா?” என்றாள்.

“ரெண்டு வருஷம்.”

மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னான். மோட்டார் கொட்டகையில் வைத்துப் பம்பில்தான் கலந்திருக்கிறான், அவள் இடித்த கரைசலோடு சேர்த்து. மருந்துப் பாட்டிலை மண்ணில் புதைத்து வைத்திருந்தான். கரைசலைக் கொட்டிவிட்டு அடித்திருக்கலாம், அவள் கையால் இடித்ததைக் கொட்ட மனம் வரவில்லை என்றான். அந்தப் பதினொரு கூடையைச் சொன்னான். வேனில் அவள் அழுததைக் கேட்டுக்கொண்டு ஓட்டியபோது இனி ஒரு தடவை இப்படி அழவிடக்கூடாது என்று நினைத்தானாம். உன்னைத் தேடி வருகிறவர்களும் ஓட்டை இல்லாத கோஸைத்தான் பொறுக்கி எடுக்கிறார்கள், நீதான் அதைப் பார்ப்பதில்லை என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

“நாத்தம் வந்திருக்குமே” என்றாள் அவள். கேட்டு முடிக்கும் முன்பே அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. அவளுக்கு மூக்கு இல்லை என்று உலகத்தில் நன்றாகத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அந்தக் கருகிய பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவியவனும் அவன்தான்.

“பத்து நாள் விட்டுத்தான் பறிப்பேன்” என்றான் அவசரமாக. “பாட்டில்ல போட்டிருக்கிறதைப் படிச்சுத்தான் செஞ்சேன். இந்தத் தடவைதான் சந்தைக்குப் பத்தலைன்னு… அஞ்சு நாள்லயே பறிச்சுட்டேன்.”

படித்துத்தான் செய்தானாம். பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்த அந்தப் பையனை அவள் பதினொரு வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் வைத்திருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். இப்போது மாறிப்போனதை அவள் கவனிக்கவே இல்லை.

“வீட்டுக்கு மட்டும் பின்பாத்தியில பறிச்சே. அப்போ என் உடம்பு மேல உனக்கு அக்கறை இருந்திருக்கு. சந்தையில நின்னு நான் தின்னேனே, வாரம் தவறாம, கழுவாம. நீ பக்கத்துல தானே நின்னே?”

அவன் வாயைத் திறந்தான். “ஒரு இலை தானேன்னு…” என்று ஆரம்பித்து, தான் சொல்வது தன் காதிலேயே விழுந்து, நிறுத்திக்கொண்டான்.

ஒரே ஒரு தடவை அவன் அவள் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். வேண்டாம், இன்றைக்குத் தின்னாதே என்று காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் குட்டு உடைந்துவிடும். அதனால் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்றதையெல்லாம் அவளால் என்றைக்காவது மன்னிக்க முடியலாம். அழுகை பொறுக்காமல் செய்த தப்பு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தராசை மட்டும் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் காலிக் கூடைகளோடு சந்தைக்குப் போனாள். போகவேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒரு போகம் விட்டுவிடலாம் என்று அவன் கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. மேசையைப் போட்டு, பலகையைக் கழற்றிக் கீழே வைத்து, வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னாள்: ரெண்டு வருஷமாக இதில் மருந்து இருந்தது, எனக்குத் தெரியாது, ஆனால் என் கையால்தான் கொடுத்தேன். புருஷன் பேரை இழுக்கவில்லை. அவன் வேனில் உட்கார்ந்திருந்தான், எல்லாரும் பார்க்கிற தூரத்தில்.

சிலர் ஏசினார்கள், அது பரவாயில்லை. மாமியாருக்கு ஆப்பரேஷன் ஆனதிலிருந்து இவளிடமே வாங்கும் ஒருத்தி, சொன்னதைக் கேட்டு முடித்ததும் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். முள்ளங்கிக்காரர், “அப்போ ஒரு சாமான் மறைச்சுத்தான் வெச்சிருந்தீங்க” என்றார். இவள் ஆமாண்ணே என்றாள். அவர் அதற்குமேல் குத்திக்காட்டாமல் இவளுக்கு ஒரு டீ வாங்கி வந்து வைத்தார். கண்ணாடி அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, யார்தான் இப்போது அடிக்கவில்லை, வெளியே வாங்குவதிலும் அதுதான் இருக்கிறது, உன் கோஸாவது பார்க்க லட்சணமாக இருந்தது, அடுத்த வாரம் கொண்டு வருவாய் அல்லவா என்றார். அந்த அம்மாள் சொன்னதைப் போல் அன்றைக்கு வேறு எதுவும் அவளை உலுக்கவில்லை. யாருக்காக ஏழு வருஷம் கழுவாமல் தின்றோம் என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழத் தோன்றியது. அழவில்லை. அழுதால் என்ன நடக்கும் என்று இப்போது தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கும் போனாள். டீச்சரிடம் சொல்லி, பின்பாத்தியிலிருந்து பொறுக்கிய முப்பது புழுவையும் அவற்றுக்கான ஓட்டை இலையையும் கொடுத்துவிட்டு வந்தாள். பதினைந்து நாள் கழித்து டீச்சர் ஆளனுப்பினாள், எல்லாம் பறந்துவிட்டன என்று. பல நாளுக்குப் பிறகு அவளுக்கு அன்று சோறு இறங்கியது.

அவனை அவள் விட்டுப் போகவில்லை. எங்கே போவது என்பது ஒரு பக்கம். மண்ணில் அவள் போட்ட ஏழு வருஷம் இன்னொரு பக்கம். தோட்டத்துக் கோஸையெல்லாம் வெட்டிக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அவன்தான் வெட்டினான், அவன்தான் தோண்டினான். மோட்டார் கொட்டகைச் சாவியை அவனே கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். பம்பை உடைத்தான். புது நாற்று வாங்கி வந்து நட்டான், அவள் சொல்லாமலே தினம் காலையில் வரிசை வரிசையாகக் குனிந்து கையால் புழு பொறுக்கினான். இடுப்பு பிடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்தான். பேச்சு இரண்டு பேருக்குள்ளும் உப்பு, தண்ணீர், மழை என்கிற அளவில் நின்றிருந்தது. அவள் மறுபடியும் நீங்க என்றுதான் சொன்னாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சொல்வதுபோல.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அவன் முதல் கோஸை அறுத்து எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான். சல்லடைக்கு நெருங்கின சொந்தம். வெளி இலையின் நடுவில் ஒரு புழு சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. அவன் முகத்தில் அவள் பல வருஷமாகப் பார்க்காத ஒரு வெளிச்சம்.

“உயிரோட இருக்கு பாரு” என்றான்.

சொல்லிவிட்டு, ஓர் இலையைக் கிழித்து, அப்படியே வாயில் போட்டு, அவளைப் பார்த்துக்கொண்டே மென்றான். மண்ணோடு மென்றான். இன்னொன்றைக் கிழித்து அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். எப்போதும்போல் ஒன்றும் வரவில்லை. இலையில் ஓட்டை இருந்தது, புழு இருந்தது, மூன்று மாதம் அவன் குனிந்த முதுகையும் அவள் பார்த்திருந்தாள். இந்த முறை அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும். சந்தையில் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் முன்னால் அவள் இதைவிடக் குறைந்த சாட்சிக்குத் தின்றிருக்கிறாள். வாய்வரை கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது.

பிறகு அவள் தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்தாள். இலையின் முன்பக்கத்தைக் கழுவினாள், பின்பக்கத்தைக் கழுவினாள், நரம்பின் மடிப்புக்குள் விரலை விட்டுத் தேய்த்துக் கழுவினாள். கழுவி முடித்துத்தான் தின்றாள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

அவன் தண்ணீர் நிற்கும்வரை வாசலிலேயே நின்றான். அப்புறம் மிச்சக் கோஸை மேசைமேல் வைத்துவிட்டு, புழு பொறுக்கத் தோட்டத்துக்குப் போனான்.